பாதி சார்ஜில் தேருக்கு மேலே ட்ரோன் விட்ட தம்பிக்கு

ஞாயிற்றுக்கிழமை தேர்த் திருவிழாவில் ட்ரோன் விழுந்ததை எல்லோரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். திரும்ப விவரிக்க எனக்கு மனமில்லை. ட்ரோன் விழுந்த இடத்துக்கும் தப்படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் நடுவே நாலு அடிகூட இருக்காது. அந்த வீடியோவின் கீழே வந்த கமெண்டுகள்தான் இரண்டு இரவாக என்னைத் தூங்கவிடவில்லை. "52 சதவீதம் இருந்திச்சே, அது எப்படி விழும்? மெஷின் பிழை." "அண்ணனுக்கு ஓடர் கிடைக்கல்ல, அதான் எரியுது."

படம் பிடிக்கிற ஓடர் கதைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த 52, பெட்டரியில் மிச்சமென்று ஸ்கிரீன் காட்டிய சார்ஜ்.

தண்ணீர்த் தொட்டியில் குச்சியை விட்டு அளப்பது போல அந்த எண்ணை யாரும் அளக்கவில்லை. பெட்டரி தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் கணக்கு அது. ட்ரோன் பெட்டரிக்குள் இருக்கும் சாதாரண லிபோ (லித்தியம் பொலிமர்) செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். பாதியில், சும்மா வைத்திருக்கும்போது 3.8 போலக் காட்டும். ரிமோட்டின் ஸ்டிக்கை மேலே தள்ளிப் பாருங்கள். நான்கு மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுக்க, அந்த 3.8 சட்டென்று 3.5-க்கு வந்து நிற்கும். முழுச் சார்ஜிலும் வோல்ட் இப்படித்தான் இறங்கும், ஆனால் அங்கே இறங்க இடமிருக்கிறது. பாதியில் அவ்வளவு இடம் கிடையாது, வோல்ட் மிகவும் இறங்கினால் ட்ரோன் மேலே நிற்காது. பெட்டரி பழையது, வெளியே குளிர் என்றால் இன்னும் மோசம்.

கிளப்புவதற்கு முன்பே நான் கேட்டேன், எப்போது சார்ஜ் போட்டாய் தம்பி என்று. "போன ஞாயிறு ஃபுல் போட்டேன் அண்ணே, எப்படியோ பாதியாயிருச்சு." எப்படியோ இல்லை. இந்த ஸ்மார்ட் பெட்டரிகளை முழுச் சார்ஜில் சில நாள் வைத்தால், ஊதிப் போகாமல் இருக்க அவையே தங்களை இறக்கிக்கொள்ளும். அலுமாரியில் வைக்கப் பாதிச் சார்ஜ்தான் நல்லது. அதைக் கேள்விப்பட்டவர்கள் பறப்பதற்கும் பாதி போதும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வாரம் கிடந்த பெட்டரியின் 52-ஐ நம்பி, சனத்துக்கு மேலே அனுப்பக் கூடாது. அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற கமிட்டிக்காரர், "நல்ல காரியத்துல தடை சொல்லாதீங்க" என்றார். ஒதுங்கிவிட்டேன். ஒதுங்கியிருக்கக் கூடாது.

பாதிச் சார்ஜில் பறக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானே பறக்கிறேன். நெஞ்சளவு உயரத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி வைத்து, ஸ்கிரீனில் செல் வோல்டைப் பார்ப்பேன். ஒரு செல் மற்றதைவிடச் சரிந்தால் அப்படியே இறக்கிவிடுவேன். முதலில் காற்றை எதிர்த்துப் போவேன், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரட்டும் என்று. பள்ளத்துக்குள் இறக்க மாட்டேன். கண்ணைவிட்டு மறைய விட மாட்டேன். 35 சதவீதத்துக்கு வரும்போது ட்ரோன் என் காலடியில் இருக்கும். ஆட்களின் தலைக்கு மேலே மட்டும் பாதிச் சார்ஜில் போக மாட்டேன்.

இதைப் பட்டுத்தான் படித்தேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கல்யாண ஷூட். டெவன் நீர்வீழ்ச்சிக்கு எதிரே ரோட்டோரத்தில் நின்று கிளப்பினேன், 58 சதவீதம். 97 மீட்டர் நீர்வீழ்ச்சி, அடியிலிருந்து எடுத்தால் அழகு என்று பள்ளத்தில் இறக்கினேன். இறங்கும்போது பெட்டரி அவ்வளவாகக் குறையவில்லை, அதில் ஏமாந்தேன். திரும்பி ஏறும்போது எதிர்க்காற்று. எண் கண்ணெதிரே கொட்டியது. ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வியர்த்து நின்றேன். அது தானாக இறங்கத் தொடங்கி, எதிர் மலையில் தேயிலைக்குள் போய்விட்டது.

தேடிப் போனால் ஒரு அக்கா கொழுந்துக் கூடையோடு நிற்கிறார், கையில் என் ட்ரோன். "தம்பி, இது உங்களுதா? என் காதுகிட்டதான் வந்து விழுந்திச்சு." கோபமே இல்லை. என்னை உட்காரவைத்துத் தன் போத்தலில் இருந்த பிளேன்டீயை ஊற்றிக் கொடுத்தார். அந்தத் தேத்தண்ணி தொண்டையில் இறங்கவில்லை எனக்கு.

"ரிட்டர்ன் டு ஹோம் இருக்கே, கிளப்பிய இடத்துக்கு அதுவே வந்துவிடும்" என்கிறார்கள். வரும், பெட்டரி இருந்தால். நாம் வைத்த உயரத்துக்கு முதலில் ஏறிவிட்டுத்தான் திரும்பும், அந்த உயரமும் கிளப்பிய இடத்திலிருந்து கணக்கு. பள்ளத்துக்குள் நிற்கும் ட்ரோனுக்கு அந்த ஏற்றமே மிச்சப் பெட்டரியைத் தின்றுவிடும். பெட்டரி மிகவும் குறைந்துவிட்டால் வீடு தேடாது, நின்ற இடத்திலேயே இறங்கும். பெட்டியில் 31 நிமிடம் பறக்கும் என்று போட்டிருப்பது காற்றில்லாத இடத்துக் கணக்கு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மெல்லிய காற்றில் மோட்டார் கூடுதலாகச் சுற்றித்தான் ட்ரோனைத் தூக்க வேண்டும். ட்ரோன் 249 கிராம்தானே, விழுந்தால் என்ன என்பவர்களிடம் பேச ஒன்றுமில்லை. உங்கள் பிள்ளையின் தலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கமெண்ட் மட்டும் என்னைத் தடுமாற வைத்தது. "எங்ககிட்ட ஒரே பெட்டரிதான் அண்ணே, லயத்துல கரண்ட் போனா என்ன செய்ய?" உண்மை. நானும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்தவன். கடன் வாங்கி ட்ரோன் எடுத்தவனுக்கு இரண்டாவது பெட்டரி எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். ஆனால் தம்பி, அந்தப் பாரத்தைக் கீழே நிற்கிற சனத்தின் தலையில் இறக்கலாமா? 2019 ஏப்ரலில் இலங்கையில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு சிவில் விமான சேவைகள் அதிகார சபை ட்ரோன்களையே நிறுத்தி வைத்தது. அந்த நாட்களில் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தவன் நான். ஒரு குழந்தைக்கு ஏதும் ஆனால் நம் எல்லோர் பிழைப்பும் போகும்.

பிழைப்பை விடுங்கள். மேலேயிருந்து பார்த்தால் நம் ஆட்கள் பச்சைக்குள் சின்னச் சின்ன நிறப் புள்ளிகள். டூரிஸ்ட் அப்படித்தான் எடுக்கிறான், கல்யாண வீட்டுக்காரர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். நாமுமா அப்படிப் பார்ப்பது? அந்தப் புள்ளிகளில் ஒன்று என் அம்மா. முப்பது வருடம் அட்டைக்கடியோடு மலை ஏறியவர். ஞாயிற்றுக்கிழமை தேர் வடத்துக்குப் பக்கத்தில் நின்றதும் அவர்தான்.

ஓடர் பொறாமை என்று எழுதியவர்களுக்கு இதற்கு மேல் பதில் இல்லை. அந்தத் தேரைப் படம் பிடிக்க நான் விலையே பேசவில்லை, சாமி கும்பிடப் போயிருந்தேன்.

தம்பி, வெள்ளிக்கிழமை பூசைக்கும் உன்னைத்தான் பிடித்திருக்கிறார்களாம். உன்னுடையதும் என்னுடையதும் ஒரே மொடல். என்னிடம் இரண்டு பெட்டரி இருக்கிறது, வியாழன் ராத்திரி இரண்டையும் முழுசாகப் போட்டு வைக்கிறேன். காலையில் வந்து வாங்கிக்கொண்டு போ.