எந்தக் கிருமி என்பதைவிட எந்த நொதி என்று பாருங்கள்

குடல் பாக்டீரியாக்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அவற்றை நல்லவை, கெட்டவை என்று பிரித்து, தயிரும் பழைய சோறும் போதும் என்று முடித்துவிட்டீர்கள். எனக்கு அது போதவில்லை. அந்தக் கிருமி எந்த நொதியை, அதாவது ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் எந்தப் புரதத்தை, உண்டாக்குகிறது என்பதுதான் பெரிய கேள்வி.

குடியாத்தத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நோய். லெவோடோபா மாத்திரைதான் அவரை நடக்க வைக்கிறது. அந்த மருந்து மூளைக்குப் போய், இந்த நோயில் குறைந்துபோகும் டோபமின் என்ற வேதிப்பொருளாக மாற வேண்டும். ஆனால் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற குடல் பாக்டீரியாவின் நொதி அதைக் குடலிலேயே மாற்றிவிடும் என்று 2019-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அங்கே உண்டான டோபமின் மூளைக்குள் நுழையாது. கூடவே கொடுக்கும் கார்பிடோபா என்ற மருந்து, இதே மாற்றத்தைச் செய்யும் நம் உடலின் நொதியைத் தடுக்கும், பாக்டீரியாவின் நொதியிடம் அது அவ்வளவாகப் பலிக்காது. ஒரே மாத்திரை ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வேலை செய்ய இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பெருங்குடல் அழற்சிக்குக் கொடுக்கும் சல்ஃபாசலசின் மருந்து இதற்கு நேர்மாறு. பெருங்குடல் பாக்டீரியாவின் நொதி உடைத்தால்தான் அது பலன் தரும்.

குழந்தைகளின் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சிஎம்சி மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் வேலூர். நம் சாப்பாடு சாப்பிடுகிறவர்களின் குடலில் இந்த நொதிகள் எப்படி இருக்கின்றன என்பதையும் இங்கேயே ஆராய வேண்டும். அடுத்த கட்டுரையில் இதை எழுதுங்கள் ஐயா.