மொட்டை மாடி மழைக்கு யார் பில் கட்டுவது?

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷன் பாத்ரூமில் தண்ணீர் இறங்குவதற்குப் பதிலாக ஏறி வந்தது. வடசென்னையில் எங்கள் தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலில் ஒரு குமிழி, அப்புறம் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம், அப்புறம் அம்மா துடைப்பத்தோடு வந்து நிற்பார். நான் வழக்கம்போல் குடிநீர், கழிவுநீர் வரி ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு திட்ட ஆரம்பித்தேன். அரையாண்டு தவறாமல் கட்டுகிறோமே, அதற்கு இதுதான் மரியாதையா என்று.

மறுநாள் வந்த பிளம்பர் அண்ணன் சேம்பர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது யார் சார் போட்ட கனெக்‌ஷன்?"

மொட்டை மாடி மழைநீர்க் குழாய் நேராகக் கழிவுநீர் சேம்பருக்குள் சொருகியிருந்தது. வேறு யார் போட்டது, நாங்களேதான். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது அப்பா முறையாகக் குழி வெட்டி ஜல்லியும் மணலும் போட்டிருந்தார். அது தூர்ந்துபோனதும் வாசலில் தண்ணீர் நிற்கிறதே என்று யாரோ ஒரு கொத்தனாரின் யோசனைப்படி குழாயைச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டோம். தெருவில் இன்னும் எத்தனை வீட்டில் இப்படி இருக்கும் என்று பிளம்பரிடம் கேட்டேன். சிரித்தார், எண்ணிக்கை சொல்லவில்லை.

ஒரு அங்குலம் மழை பெய்தால் ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் சுமார் 2,350 லிட்டர் விழுகிறது. ஒரு நடுத்தரக் குடும்பம் மூன்று நான்கு நாளில் சாக்கடைக்கு அனுப்பும் தண்ணீரை எங்கள் மாடி ஒரு மணி நேரத்தில் அனுப்பியிருக்கிறது. வடசென்னை தட்டையான பூமி, கடல் மட்டத்தை ஒட்டிய பூமி. சாக்கடை தானாகச் சரிந்து ஓடுவதற்குக் குழாயை ஆழமாக, இன்னும் ஆழமாகப் பதித்துக்கொண்டே போக வேண்டும். ஓர் இடத்துக்கு மேல் அது முடியாது. அங்கே பம்பிங் ஸ்டேஷன் வைத்து மேலே தூக்கி, அடுத்த குழாயில் விட்டு, திரும்பத் தூக்கித்தான் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஆக, என் மாடி மழையும் மோட்டார் ஏறித்தான் பயணம் போயிருக்கிறது. அதற்கு எரிந்த மின்சாரத்தின் செலவு ஊர் முழுக்கப் பங்கு போயிருக்கிறது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்திருக்கிறேன்.

குழாயைப் பிரித்து வேறு பக்கம் திருப்பியாகிவிட்டது. ஆனால் கையில் இருந்த ரசீதை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து வாசித்தேன். சாக்கடைக்கு நான் கட்டும் தொகையை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

சென்னையில் குடிநீர் வாரியம் வாங்கும் குடிநீர், கழிவுநீர் வரி இரண்டும் சேர்ந்து வீட்டின் ஆண்டு மதிப்பில், அதாவது வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு இவ்வளவு வரும் என்று போடும் கணிப்பில், 7%. மாநகராட்சி சொத்து வரிக்காகப் போட்டு வைத்திருக்கும் அதே மதிப்புதான். ஆண்டு மதிப்பு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 1,400. இதைத் தவிர மாதக் கட்டணம் தனி. வீட்டில் இரண்டு பேர் இருக்கிறீர்களா, பன்னிரண்டு பேரா, மாடிக் குழாயைச் சேம்பரில் விட்டிருக்கிறீர்களா என்பதெல்லாம் அந்த 7%-க்குத் தெரியாது.

இதைப் படித்ததும் எனக்கு வந்த முதல் கோபம், யார் எவ்வளவு விடுகிறார்களோ அவ்வளவுக்கு வாங்க வேண்டியதுதானே என்பது. டெல்லியில் தண்ணீர்க் கட்டணத்தில் 60% சாக்கடைக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் பல ஊர்களில் இன்னும் நுணுக்கம். வீட்டுக்கு வீடு சாக்கடைக் குழாயில் மீட்டர் வைப்பது கஷ்டம் என்பதால், குளிர்கால மாதங்களின் தண்ணீர்ச் செலவைப் பார்த்து அதிலிருந்து கட்டணம் போடுகிறார்கள். கோடையில் புல்தரைக்குப் பாய்ச்சும் தண்ணீர் சாக்கடைக்கு வராதாம். எங்கள் பக்கம் குளிர்காலமும் கிடையாது, புல்தரையும் கிடையாது, அது போகட்டும். பிலடெல்பியாவில் மழைநீருக்கே தனியாகக் கட்டணம் வாங்குகிறார்கள், வீடுகளுக்கு ஒரே சராசரித் தொகை, மற்றக் கட்டடங்களுக்கு நிலத்தில் எவ்வளவு பரப்பு மழையை உறிஞ்சாமல் வழியவிடுகிறது என்று பார்த்து. அந்தக் கணக்கை வீட்டுக்கும் போட்டால் என் மொட்டை மாடி கையும் களவுமாக மாட்டியிருக்கும்.

ஆனால் இதை மாடிப் போர்ஷன் அக்காவிடம் சொன்னபோது அவர் ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிட்டார். "எந்தத் தண்ணிய வெச்சு கணக்குப் போடுவாங்க? போர் தண்ணியா, பம்புல அடிக்கிறதா, லாரியா, கேனா?"

நியாயம்தான். எங்கள் வீட்டில் சாக்கடைக்குப் போகும் தண்ணீர் நாலு வழியில் வருகிறது, ஒன்றிலும் மீட்டர் இல்லை. இன்னொன்றையும் யோசித்தேன். கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரே வாசலுக்குள் ஐந்து குடும்பம் ஒண்டுக்குடித்தனம் இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு மதிப்பு குறைவு, ஆட்கள் அதிகம். அளவுக்குத் தக்க கட்டணம் என்று வந்தால் அடி விழுவது அவர்கள் தலையில். தனி பங்களாவில் இரண்டு பேராக இருப்பவருக்கோ பில் இறங்கிவிடும். மதிப்பை வைத்து வாங்கும் பழைய முறை முட்டாள்தனமாகத் தெரிந்தாலும் அதற்குள் ஒரு கருணை இருக்கிறது. 2022-இல் சொத்து வரி ஏறியபோதுகூட, பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு 50%, 1,800-க்கு மேல் 150% என்று படி வைத்துத்தான் ஏற்றினார்கள். எனவே அளவுக்கு ஏற்ற கட்டணம் என்ற கட்சியிலிருந்து நான் விலகிவிட்டேன், வீடுகளைப் பொறுத்தவரை. பிரியாணிக் கடைகளும் ஓட்டல்களும் வேறு கணக்கு. அந்த எண்ணெய் குழாய்க்குள் உறைந்து கட்டியாகிறது. அதை எடுக்க ஆகும் செலவை அவர்களிடம்தான் வாங்க வேண்டும்.

என் சண்டை வேறு இடத்தில். எந்த முறையாக இருந்தாலும் கட்டணம் போடுகிறவர் முதலில் ஒரு கூட்டல் போட்டாக வேண்டும். மின்சாரம் இவ்வளவு, ஆள் சம்பளம் இவ்வளவு, குழாய் மாற்ற இவ்வளவு, வாங்கிய கடனுக்கு இவ்வளவு என்று. அந்தக் காகிதத்தை எங்களுக்கும் காட்டுங்கள் என்கிறேன், அதுவும் பகுதி வாரியாகப் பிரித்து, தமிழில்.

ஏன் என்றால் அந்தக் கூட்டலில் எங்கள் பக்கத்து வரவும் ஒன்று இருக்கிறது. தண்டையார்பேட்டை, ராயபுரம், ஜார்ஜ் டவுன் சாக்கடையெல்லாம் போய்ச் சேரும் கொடுங்கையூரில் 2019 முதல் ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சவ்வூடு வடிகட்டிச் சுத்தமாக்கும் ஆலை இருக்கிறது. அந்தத் தண்ணீர் மணலித் தொழிற்சாலைகளுக்கு விலைக்குப் போகிறது. 1990-களிலேயே மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் கொடுங்கையூர்த் தண்ணீரை வாங்கித் தாங்களே மறுபடி சுத்தம் செய்து ஓட்டியவைதான். நல்ல ஏற்பாடு, குடிக்கிற தண்ணீர் மிச்சமாகிறது. நாற்றம் எங்களுக்கு, சரக்கும் எங்களுடையது. விற்ற காசில் எவ்வளவு எங்கள் தெருக் குழாய்க்குத் திரும்புகிறது என்று கேட்பது பேராசையா?

செலவுப் பக்கமும் அப்படித்தான். இந்த நகரத்தின் பழைய பாதாள சாக்கடை 1914-இல் ஓடத் தொடங்கியபோது, 1961-இல் சுமார் ஆறரை லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக் குழாய் போட்டார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னையில் 17 லட்சத்துக்கு மேல் இருந்தோம். அந்த வித்தியாசத்தை அடைக்கத்தான் அதற்கப்புறம் வந்த ஒவ்வொருவரும் குழாய் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2011-இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-க்கு விரிந்தது, திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் உள்ளே வந்தன. புதிய இடத்துக் குழாய்ச் செலவில் பழைய இடத்தின் பங்கு என்ன? இருக்கலாம், இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கணக்கில் ஒரு வரி எழுதுங்கள், போதும்.

கட்டணம் குறைவாக இருக்கிறது, அதனால் கேட்காதே என்று சில நண்பர்கள் சொல்வார்கள். குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறைவை இந்த நாட்டில் நெடுங்காலம் ஈடுகட்டியது யார்? மேன்ஹோலுக்குள் இறங்கியவர்கள். இயந்திரம் வாங்கும் காசை மிச்சம் பிடித்து மனிதனை இறக்கியதால்தான் பில் சின்னதாக இருந்தது. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. ஒன்பது வருஷம் கழித்தும் தொகையை உயர்த்தும் தேவை இருந்தது என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. அடைப்பெடுக்கும் வண்டிக்கும் ஆளுக்கும் முழுச் செலவையும் சேர்த்துக் கணக்குக் காட்டி, அதனால் இவ்வளவு ஏறுகிறது என்று சொன்னால் முணுமுணுக்காமல் கட்டுவேன். எங்கள் தெருவில் பாதிப் பேராவது கட்டுவார்கள்.

2022-இல் மின்கட்டணம் ஏறியபோது ஒழுங்குமுறை ஆணையம் மண்டபத்தில் கூட்டம் போட்டு, மைக் கொடுத்து, திட்டு வாங்கிக்கொண்டாவது கேட்டது. கலிபோர்னியாவில் 1996-இல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த சட்டப்படி, சாக்கடைக் கட்டணத்தை ஏற்றும் முன் சொத்துக்காரர்களுக்குத் தபாலில் தெரிவித்து 45 நாள் பொறுக்க வேண்டும். பாதிக்கு மேல் எழுத்தில் எதிர்த்தால் ஏற்ற முடியாது. சாக்கடைக் கட்டணம் பற்றிப் பேச ஒரு கூட்டம் என்று எங்கள் வீட்டுக்கு இதுவரை ஒரு துண்டுக் காகிதம் வந்ததில்லை.

வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் பகுதி சபையின் அடுத்த கூட்டத்துக்குப் போகிறேன். இரண்டு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, மணலிக்கு விற்ற தண்ணீரின் வரவு. இரண்டாவது, மழை நாளில் எங்கள் பக்கத்துப் பம்பிங் ஸ்டேஷனுக்கு எவ்வளவு மின்சாரம் கூடுதலாக ஆகிறது. இரண்டாவதைக் கேட்கும்போது யாராவது என் மொட்டை மாடியைப் பற்றிக் கேட்டால், குழாயைப் பிரித்துவிட்டேன் என்று சொல்ல பிளம்பர் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். தெருக்காரர்கள் யாராவது வருகிறீர்களா? வரும் முன் உங்கள் சேம்பர் மூடியை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.