பள்ளிவாசலுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு: நேரம் பார்த்துப் போங்கள், கேட்டுவிட்டுப் போங்கள்

மஃரிப் தொழுகை (சூரியன் மறைந்ததும் தொழுவது) முடியும் நேரத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்கள் பலவற்றின் முன்னால் ஒரு சிறு கூட்டம் நிற்கும். இடுப்பில் குழந்தை, கையில் தண்ணீர் பாட்டில், நெற்றியில் பொட்டு. தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஓதி, குழந்தையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். நோன்பு மாதத்தில் தூக்குவாளியோடு கஞ்சிக்கு நிற்கும் வரிசையிலும் எல்லா மதத்துக்காரர்களும் இருப்பார்கள். இத்தனை பழக்கம் இருந்தும், அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே போய்ப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. 'நம்மை விடுவார்களா', 'உள்ளே போய் ஏதாவது தப்பாகச் செய்துவிடுவோமோ' என்ற இரண்டு தயக்கங்கள்தான் காரணம். இரண்டுமே தேவையற்றவை. சரியான நேரத்தில், ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போனால் பெரும்பாலான சிக்கல்கள் வரவே வராது.

முதல் தயக்கத்துக்குப் பதில் மதீனாவிலேயே இருக்கிறது. தெற்கு அரேபியாவின் நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவத் தூதுக்குழுவை நபிகள் நாயகம் தம் பள்ளிவாசலில்தான் வரவேற்றார். தமிழ்நாட்டில் உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனபி மத்ஹபும் (மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்ட மரபு), காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாபி மத்ஹபும் பின்பற்றப்படுகின்றன. ஹனபியில் மாற்று மதத்தவர் உள்ளே வரத் தடையில்லை. ஷாபியில் ஒரு முஸ்லிமின் அனுமதியோடு வரலாம். மாலிகி மத்ஹபுதான் கண்டிப்பானது. அதைப் பின்பற்றும் மொராக்கோவில் காசாபிளாங்காவின் இரண்டாம் ஹசன் பள்ளி போன்ற ஒரு சில தவிர மற்றவற்றுக்குள் வெளியார் போக முடிவதில்லை. மக்காவின் புனித எல்லை எல்லா மாற்று மதத்தவருக்கும் மூடியது. அந்த இரண்டையும் கேள்விப்பட்டுவிட்டு நம் தெருப் பள்ளிக்கும் அதுவே விதி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

திருவல்லிக்கேணி பெரிய பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்காட்டு நவாப் வாலாஜா குடும்பத்தார் 1795-ல் மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லில் கட்டியது. கட்டிய ஆண்டைக் குறிக்கும் வரிகள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை எழுதியவர் ராஜா மக்கன் லால் கிராத் என்ற இந்து அறிஞர். இன்றும் நோன்பு மாதத்தில் அங்கே நோன்பு திறப்பதற்கான உணவைச் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறவர்கள், சிந்தி இந்துக்கள் தொடங்கிய சூஃபிதார் அறக்கட்டளையின் தொண்டர்கள். தலையில் தொப்பியோடு அவர்கள் பந்தி விசாரிப்பது பல பத்தாண்டுகளாக நடக்கிறது.

இனி நேரம். ஐந்து வேளைக்கும் இரண்டு நேரங்கள் உண்டு: பாங்கு (தொழுகைக்கான அழைப்பு) சொல்லும் நேரம், ஜமாஅத் என்னும் கூட்டுத் தொழுகை தொடங்கும் நேரம். பெரும்பாலான பள்ளிகளில் உள்ளே மின்னணுப் பலகையிலோ வாசலருகே கரும்பலகையிலோ எழுதியிருக்கும். பாங்குக்கும் ஜமாஅத்துக்கும் நடுவே பத்து முதல் இருபது நிமிடம். மஃரிபில் மட்டும் அந்த இடைவெளி சில நிமிடங்கள்தான். இந்த இடைவெளியில் போனால் எல்லோரும் கைகால் கழுவும் அவசரத்தில் இருப்பார்கள், உங்களோடு பேச ஆள் கிடைக்காது. தொழுகைகளுக்கு நடுவில், காலை பதினொரு மணிக்குப் போனாலும் சரிவராது, திருட்டுப் பயத்தால் பல பள்ளிகளைப் பூட்டி வைத்திருப்பார்கள். லுஹர் (நண்பகல்) அல்லது அஸர் (பிற்பகல்) ஜமாஅத் முடிந்து இருபது நிமிடம் கழித்துப் போவதே நல்லது. கூட்டம் கலைந்திருக்கும், பாங்கு சொல்கிற மோதினார் இருப்பார், பல சமயம் தொழுகை நடத்துகிற இமாமும் இருப்பார்.

அஸர் நேரத்தில் ஒரு குழப்பம் உண்டு. ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தின் அளவுக்கு நீண்டால் ஷாபிக்கு அஸர். இரு மடங்கு நீண்டால்தான் ஹனபிக்கு (நண்பகலில் விழும் நிழலைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவார்கள்). ஆக ஒரே ஊரில் இரண்டு பள்ளிகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம் வரலாம். இணையத்தில் நேரம் பார்த்துப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். அந்தப் பள்ளியின் பலகையில் இருப்பதுதான் கணக்கு.

வெள்ளிக்கிழமை மதியத்தை முதல் முறைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். தமிழ் பயான் (சொற்பொழிவு), பிறகு அரபு குத்பா (ஜும்ஆ உரை), இரண்டு ரக்அத் (தொழுகைச் சுற்று) ஜும்ஆ தொழுகை என்று வாசல் வரை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். குத்பா நடக்கும்போது கேட்பவர்கள் பேசவே கூடாது. பக்கத்தில் பேசுகிறவரை 'சும்மா இரு' என்று அடக்குவதுகூடக் கூடாது. நீங்கள் ஒன்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது, கோபத்தில் முகம் திருப்புகிறார் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். நோன்பு மாதத்தில் அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே எல்லோரும் கஞ்சி வேலையில் இருப்பார்கள். அப்போது விருந்தாளியாகப் போகலாம். சுற்றிப் பார்க்க வேறு நாள் பாருங்கள்.

உடையில் அதிகம் யோசிக்க வேண்டாம். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே மூடிய எதையும் அணியலாம், வேட்டி, கைலி, பேண்ட் எதுவும் சரி. அரைக்கால் சட்டை வேண்டாம். பெண்கள் கை முழுதும் மூடிய தளர்வான உடையும் தலைக்கு ஒரு துப்பட்டாவும். தொப்பி கட்டாயமில்லை. சில பள்ளிகளில் எதிர்பார்ப்பார்கள், அங்கே வாசலருகே பெட்டியில் தொப்பிகள் இருக்கும், கைக்குட்டையும் போதும். பலருக்குத் தோன்றாத ஒன்று: முதுகில் முகப்படமோ பெரிய எழுத்தோ அச்சிட்ட டி-ஷர்ட்டைத் தவிர்த்துவிடுங்கள். பின்வரிசையில் தொழுகிறவரின் கண் அதிலேயே போய் விழும்.

செருப்பு கழற்றுமிடத்தில்தான் முதல் பிழை நடக்கும். வாசலில் ஒரு கல்படியோ கோடோ எல்லையாக இருக்கும். அதற்கு வெளியிலேயே கழற்றிவிட வேண்டும். எல்லையைத் தாண்டிப் போய்க் கழற்றினால் செருப்புத் தரையில் பட்ட இடத்தில்தான் பிறர் வெறுங்காலோடு நடந்து தொழுகை விரிப்புக்குப் போவார்கள். தொழுகையில் நெற்றி தரையைத் தொடும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கண்டிப்பு புரியும். காலுறை போட்டிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள், ஒளுச் செய்யும் பகுதி எப்போதும் ஈரமாக இருக்கும், நனைந்த காலுறையோடு விரிப்பில் ஏறினால் நாற்றம் பிடிக்கும். கூட்ட நேரமென்றால் செருப்பை ஒரு பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்வது பத்திரம்.

ஒளு, அதாவது தொழுகைக்கு முன் கை, வாய், மூக்கு, முகம், கால் கழுவுவது, உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் பழைய பள்ளிகளில் இருக்கும் ஹவுள் என்ற தண்ணீர்த் தொட்டியை நின்று பாருங்கள். சின்னப் பள்ளியிலும் அது ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது? தேங்கிய நீர் குறைவாக இருந்தால் சிறு அழுக்கு விழுந்தாலும் அது முழுதும் அசுத்தமாகிவிடும் என்பது சட்டம். அதிகமான நீர் என்பதற்கு ஹனபியில் பத்து முழத்துக்குப் பத்து முழம் பரப்பு அளவுகோல். ஷாபியில் இரண்டு குல்லத், சுமார் இருநூறு லிட்டர், போதும். குழாய் வராத காலத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே தொட்டியில் கை நனைக்க வேண்டியிருந்ததால் இந்தக் கணக்கு கட்டடத்தின் அமைப்பையே தீர்மானித்தது. கையால் அள்ளிக் கழுவலாம். காலை உள்ளே விடுவதும், வாய் கொப்பளித்த நீரை அதற்குள்ளேயே துப்புவதும், சோப்பு போடுவதும் கூடாது.

உள்ளே போனதும் பலர் தேடுவது சன்னதியைத்தான். அப்படி ஒன்று இருக்காது. மேற்குச் சுவரில் ஒரு குழிவான மாடம் இருக்கும், அது மிஹ்ராப். இமாம் நிற்கும் இடம், திசைகாட்டி, அவ்வளவுதான். அதற்குள் எதுவும் இல்லை. பக்கத்தில் படிகளோடு இருப்பது மிம்பர், வெள்ளிக்கிழமை குத்பா அதில் நின்றுதான் ஓதப்படும். அதன்மேல் உட்கார வேண்டாம், பை வைக்க வேண்டாம். விரிப்பில் ஓடும் கோடுகள் ஸஃப் என்னும் தொழுகை வரிசைகள். சில பள்ளிகளில் அந்தக் கோடுகள் சுவருக்கு இணையாக இல்லாமல் சாய்வாக ஓடும். சென்னையிலிருந்து மக்கா நேர் மேற்கில் இல்லை, மேற்கிலிருந்து ஏறக்குறைய 18 பாகை வடக்கே இருக்கிறது. தெருவை ஒட்டிக் கட்டிய கட்டடத்தைத் திருப்ப முடியாது, ஆகவே விரிப்பைத் திருப்பிப் போடுகிறார்கள். குர்ஆன் பிரதிகள் அலமாரியிலோ ரெஹால் என்னும் தாங்கியிலோ இருக்கும், கேட்டுவிட்டு எடுங்கள். அவற்றின் பக்கமாகக் கால் நீட்டாமல் சம்மணம் போட்டு உட்காருங்கள். இமாமின் காலைத் தொட்டு வணங்கப் போகாதீர்கள். நம் ஊரில் மரியாதைக்குச் செய்வதுதான், ஆனால் மனிதருக்கு முன் தலை வணங்குவதை இஸ்லாம் ஏற்பதில்லை என்பதால் அவர் பதறிப்போவார். 'வணக்கம் ஹஜ்ரத்' என்றால் போதும், மனதாரப் பதில் வரும்.

தொழுகையைப் பார்க்க விரும்பினால் மஃரிபையோ இஷா என்னும் இரவுத் தொழுகையையோ தேர்ந்தெடுங்கள். லுஹரிலும் அஸரிலும் இமாம் ஓதுவது சத்தமாகக் கேட்காது, நிசப்தத்தில் எழுந்து குனிவதை மட்டுமே பார்ப்பீர்கள். மஃரிபின் மூன்று ரக்அத்தில் முதல் இரண்டிலும், இஷாவின் நான்கில் முதல் இரண்டிலும் குரலெடுத்து ஓதுவார். அந்த ஓதலைக் கேட்பதற்காகவே போகலாம். கைபேசியை முற்றிலும் அணைத்துவிட்டு பின்சுவரை ஒட்டி உட்காருங்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் இரண்டு வரிசையாவது இடம் விடுங்கள், தாமதமாக வருகிறவர்கள் அங்கேதான் சேருவார்கள். மரியாதைக்காக வரிசைக்குள் போய் நிற்க வேண்டாம். தோளோடு தோள் இடைவெளியில்லாமல் நிற்பது முக்கியம், தொழாத ஒருவர் நடுவில் நின்றால் வரிசை அறுந்துபோகும்.

நான் அதிகம் வலியுறுத்துவது இதற்குப் பிறகு வரும் கட்டத்தை. இமாம் வலப்பக்கமும் இடப்பக்கமும் முகம் திருப்பி ஸலாம் சொன்னதும் ஜமாஅத் முடிந்துவிடும். புதிதாக வந்தவர் எழுந்து நடக்கத் தொடங்குவார். அதே நேரத்தில் பலர் தனித்தனியே சுன்னத் என்னும் கூடுதல் தொழுகைக்கு எழுந்து நிற்பார்கள். தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே போவதுதான் பள்ளிவாசலுக்குள் எல்லோரும் முகம் சுளிக்கும் செயல், முஸ்லிம்களுக்கும் அதே தடை உண்டு. ஆகவே ஸலாமுக்குப் பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். அவசரமென்றால் அவர்களுக்குப் பின்னால் சுற்றிப் போங்கள். படம் எடுப்பதும் அப்படித்தான்: கட்டடத்தை அனுமதி கேட்டு எடுக்கலாம், தொழுகிற முகங்களையும் ஒளுச் செய்கிறவர்களையும் எடுக்கக் கூடாது.

சாம்பிராணி, பூ, சர்க்கரை எதுவும் கொண்டு போக வேண்டாம். அவையெல்லாம் தர்காவின் வழக்கம். நாகூரில் தஞ்சை மன்னர் பிரதாப் சிங் கட்டிய 131 அடி மினாராவின் கீழே நிற்கும்போது நீங்கள் இருப்பது ஓர் இறைநேசரின் அடக்கத்தலம். பள்ளிவாசல் தொழுகைக்கான இடம் மட்டுமே. சென்னை அண்ணா சாலையின் ஆயிரம் விளக்குப் பள்ளி ஷியா பள்ளி. அங்கே நெற்றி வைக்கும் சிறு மண்வில்லைகளைப் பார்ப்பீர்கள், மிதித்துவிடாதீர்கள்.

பெண்கள் விஷயத்தில் மழுப்பிப் பேச எனக்கு விருப்பமில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் பெண்களுக்கான தொழுமிடமே கிடையாது. முஸ்லிம் பெண்களே போகாத இடத்துக்கு வரும் பெண் விருந்தாளியை மோதினார் தயங்கி நிறுத்துவார். 'அல்லாஹ்வின் பள்ளிவாசல்களை விட்டும் பெண்களைத் தடுக்காதீர்கள்' என்ற நபிமொழி நம்மிடம் இருக்கிறது. பெண்கள் பள்ளிவாசலுக்குள் வந்து தொழ அனுமதி உண்டு என்று 2023-ல் அகில இந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியமே உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. பிறகும் இடம் ஒதுக்காதிருப்பது பள்ளியை நடத்தும் நம் ஜமாஅத்துகளின் குறை, மார்க்கத்தின் மேல் அதைப் போடக் கூடாது. பெண்கள் போக விரும்பினால், பெண்கள் பகுதி உள்ள பள்ளியா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். வாசலில் நின்று திரும்புவதன் வலி அதனால் தவிரும்.

பள்ளி நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். ஜெர்மனியில் 1997 முதல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 3 அன்று பள்ளிவாசல்களை எல்லோருக்கும் திறந்து வைக்கிறார்கள். சிங்கப்பூரில் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளியில் வருகிறவர்களுக்கு மேலங்கி கொடுத்து உள்ளே அழைக்கிறார்கள். நம்மூரிலும் சில ஜமாஅத்துகள் இப்படி அழைப்பு விடுகின்றன. அப்போது ஒரு தவறு நடக்கிறது, வந்தவர் உட்காருவதற்குள் கையில் ஐந்து புத்தகங்களைத் திணித்துவிடுகிறோம். அவர் வந்தது பார்க்க. கேட்டால் சொல்லுவோம், கேட்டால் கொடுப்போம். பெரிய விழாகூட வேண்டாம். வாசலில் ஒரு பலகை போதும்: 'அனைவரும் வரலாம்' என்ற ஒரு வரி, பார்க்க ஏற்ற நேரம், செருப்பு கழற்றும் எல்லை, பெண்கள் பகுதிக்கான வழி, அழைத்துக் கேட்க ஜமாஅத் அலுவலகத்தின் எண். கூடவே நாலு தொப்பி, நாலு துப்பட்டா துவைத்து மடித்து வையுங்கள். அந்த எண்ணை எடுக்கிறவர் முத்தவல்லியாக (பள்ளியின் நிர்வாகத் தலைவராக) இருக்க வேண்டியதில்லை. பொறுமையாகப் பதில் சொல்லக்கூடிய, மாலையில் பள்ளியில் இருக்கக்கூடிய ஒரு ஆள் போதும்.