முதல் கேக் டின் நான்ஸ்டிக்காக இருக்க வேண்டாம்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் எதிர்வீட்டுப் பெண் ஒரு டின்னோடு வந்து நின்றாள். எட்டு அங்குலம், புத்தம் புதிய நான்ஸ்டிக். கேக்கின் அடிப்பாதி டின்னிலேயே ஒட்டிக்கிடந்தது, மேல்பாதி தனியாக ஒரு தட்டில். மகளின் பிறந்தநாளுக்குச் செய்தது. "எண்ணெயே தடவ வேண்டாம்னு அட்டையில போட்டிருந்துச்சுக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அன்று அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். கேக் பழகுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பதே "எந்த டின் வாங்கலாம்" என்பதைத்தான். பத்து வருடமாக வீட்டு ஓடிஜியில், அதாவது சின்ன மின்சார ஓவனில், கேக் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறேன். நான்ஸ்டிக்கும் வைத்திருக்கிறேன், சாதா அலுமினியமும் வைத்திருக்கிறேன். தினமும் கை போவது அலுமினியத்துக்குத்தான். முதல் டின் அதுவாகவே இருக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

கேக் ஏன் ஒட்டுகிறது என்று முதலில் பார்ப்போம். உலோகம் கண்ணுக்கு வழவழப்பாக இருந்தாலும் அதில் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. மாவுக் கலவை அவற்றில் இறங்கிவிடும். சூடு ஏறும்போது முட்டையும் பாலும் அங்கேயே இறுகிக்கொள்ளும். சர்க்கரை உருகிப் பாகாகி, ஆறும்போது பசைபோலப் பிடித்துக்கொள்ளும். நாம் வெண்ணெய் தடவி மைதா தூவுவது இவற்றுக்கு நடுவே ஒரு திரை போடத்தான். அடிக்கு வட்டமாக பட்டர் பேப்பர் வெட்டிப் போட்டு, அதன் மேலும் லேசாக வெண்ணெய் தடவிவிட்டால் அந்தத் திரை முழுமையாகிவிடும். இந்தப் பத்து வருடத்தில் பேப்பர் போட்ட டின்னில் எனக்கு ஒரு கேக்கும் அடி பிடித்ததில்லை.

நான்ஸ்டிக் பூச்சும் இந்தத் திரை வேலையைத்தான் செய்கிறது. பெரும்பாலும் அது பிடிஎஃப்இ, டெஃப்லான் என்று நமக்குப் பழகிய பொருள். 1938 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர், குளிர்பதன வாயு ஆராய்ச்சியின்போது, வாயு இருக்க வேண்டிய சிலிண்டரில் வெள்ளைத் தூளாக இதைக் கண்டார். பிரான்ஸில் மார்க் கிரெகுவார் என்பவர் 1950களில் இதைத் தூண்டில் சாமான்களுக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்க, சமையல் பாத்திரத்துக்குப் பூசலாமே என்று யோசனை சொன்னவர் அவருடைய மனைவி கொலெட். டெஃபால் என்ற பாத்திர நிறுவனம் அப்படிப் பிறந்தது. அந்த அம்மாவின் யோசனை அருமையானது. வாணலியில் முட்டை ஊற்றும்போது அடியில் பேப்பர் போட முடியாது, அங்கே இந்தப் பூச்சு பெரிய உதவிதான். கேக் டின்னில் பேப்பர் போட முடியுமே! ஏற்கெனவே தீர்ந்துபோன ஒரு பிரச்சினைக்கு நாம் கூடுதல் விலை கொடுக்கிறோம்.

இதைவிடப் பெரிய விஷயம் நிறம். டின் வாங்கும்போது ஒட்டுமா ஒட்டாதா என்று மட்டும் கேட்கிறோம். நான்ஸ்டிக் டின்களில் பெரும்பாலானவை கறுப்பு அல்லது கரும்சாம்பல். கறுப்பு வெப்பக் கதிர்களை உறிஞ்சும், பளபளக்கும் அலுமினியம் அவற்றில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். நம் வீடுகளில் இருப்பது 25, 30 லிட்டர் ஓடிஜி. சூடேறும் கம்பிக்கும் டின்னுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தாலே அதிகம். அந்தக் கிட்டத்தில் கறுப்பு டின் வைத்தால் ஓரமும் அடியும் முதலில் வெந்து கெட்டியாகிவிடும். நடுப்பகுதி அப்போதும் கூழாகவே இருக்கும், பிறகு அது மேலே தள்ளிக்கொண்டு எழும்பி, கோபுரம் மாதிரி கூம்பி, வெடிக்கும். "என் கேக் மட்டும் ஏன்க்கா வெடிக்குது" என்று படம் அனுப்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது டின் என்ன நிறம் என்பதைத்தான்.

முட்டை சேர்க்காத எக்லெஸ் கேக்கில் இது இன்னும் மோசமாகும். நம்மூரில் வீட்டு ஆர்டர்களில் எக்லெஸ் கேக்குக்குத் தனிக் கூட்டமே உண்டு. அதில் கண்டென்ஸ்டு மில்க் சேர்ப்போம். பாலும் சர்க்கரையும் அவ்வளவு அடர்த்தியாகச் சேர்ந்தால் சீக்கிரமே சிவக்கும், கறுப்பு டின்னில் கருகவே செய்யும். எதிர்வீட்டுப் பெண் செய்ததும் கண்டென்ஸ்டு மில்க் கேக்தான். கறுப்பு டின், 180 டிகிரி, எண்ணெயும் இல்லை பேப்பரும் இல்லை, வெளியே எடுத்த சூட்டோடு கவிழ்த்திருக்கிறாள். அவள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. அட்டையில் இருந்ததை நம்பினாள், அவ்வளவுதான்.

சரி, கையில் நான்ஸ்டிக் டின்தான் இருக்கிறது என்றால்? சூட்டை 15 டிகிரி குறையுங்கள். 180 என்று போட்டிருந்தால் 165 வையுங்கள். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே குச்சி குத்திப் பாருங்கள். பழைய துண்டை நீளமாகக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, டின்னைச் சுற்றிக் கட்டினால் ஓரம் அவசரப்படாது, கேக் சமமாக எழும்பும். துணி கம்பியில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அட்டை என்ன சொன்னாலும் வெண்ணெய் தடவிப் பேப்பர் போடுங்கள். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் விட்டுக் கவிழுங்கள். சுடச்சுடக் கவிழ்த்தால் உடையும், ஒரேயடியாக ஆறவிட்டால் அடி நசநசத்துப்போகும். ஸ்ப்ரே எண்ணெய் அடிக்காதீர்கள். அதிலிருக்கும் லெசித்தின் என்ற பொருள் சூட்டில் பிசுக்காகப் படிந்து, எவ்வளவு கழுவினாலும் போகாது. ஒட்டாத டின்னை ஒட்ட வைப்பதே பல நேரம் அந்தப் பிசுக்குதான்.

அடுத்தது ஆயுள். இரும்பு தோசைக்கல் பழகப் பழகத்தான் தோசை நன்றாக வரும். நான்ஸ்டிக் அதற்கு நேர்மாறு, வாங்கிய அன்றுதான் அது மிக நன்றாக இருக்கும். கும்பகோணத்தில் பாட்டி வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசித்தான் சமைப்பார்கள். தேய்ந்துபோனால் தெருவில் "ஈயம் பூசலையா" என்று குரல் கொடுத்து வருகிறவரைக் கூப்பிட்டு மறுபடி பூசி வாங்கிக்கொள்வார்கள். பாத்திரம் மூன்று தலைமுறை வந்தது. நான்ஸ்டிக் டின்னை யாரிடம் கொடுத்துப் பூசுவது? கீறல் விழுந்ததும் அதன் கதை முடிந்தது. அதிலும் கேக் டின்கள் பெரும்பாலும் மெல்லிய இரும்புத் தகடு. பூச்சு போன இடத்தில் துரு ஏறும், முக்கியமாக விளிம்பை மடித்திருக்கும் இடத்தில் தண்ணீர் தங்கி. என் முதல் நான்ஸ்டிக் டின் இரண்டு வருடம்கூட வரவில்லை. பிரௌனியை டின்னில் வைத்தே கத்தியால் துண்டு போட்டேன், டின்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி வைத்தேன், கம்பி நாரால் தேய்த்தேன். அதே காலத்தில் வாங்கிய அலுமினிய டின் நசுங்கி, மங்கி, இன்னும் வாரம் நாலு கேக் கொடுக்கிறது. இப்போது மிச்சமிருக்கும் நான்ஸ்டிக் சாமான்களை ஸ்பாஞ்சால் மட்டும் கழுவி, ஓடிஜியின் மிச்சச் சூட்டில் ஐந்து நிமிடம் வைத்துக் காயவிட்டு, நடுவில் துணி போட்டு அடுக்குகிறேன்.

உடம்புக்குக் கெடுதலா என்றும் கேட்கிறார்கள். பயப்பட வேண்டியது எதற்கு என்று தெரிந்துகொள்வது நல்லது. பிடிஎஃப்இ பூச்சு 260 டிகிரிக்கு மேல் போனால்தான் சிதையத் தொடங்கும். நாம் கேக் வேக வைப்பது 160, 180-இல். அந்தச் சூட்டில் கவலை வேண்டாம். ஆனால் ஊரடங்குக் காலத்தில் எல்லோரும் பழகிய குக்கர் கேக் இருக்கிறதே, உப்பு பரப்பி, விசிலும் கேஸ்கட்டும் இல்லாமல், அடுப்பில் வைத்து, அதில் சூட்டுக்குக் கணக்கே கிடையாது. தண்ணீர் இல்லாத குக்கரின் அடி எங்கேயோ போகும். அங்கே நான்ஸ்டிக் டின் வைக்கவே வைக்காதீர்கள். வெறும் டின்னை அடுப்பில் காயவைப்பதும் கூடாது. வீட்டில் கிளி, லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மிகையாகச் சூடேறிய பூச்சிலிருந்து வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும்.

பிஎஃப்ஓஏ என்பது வேறு விஷயம். அது இந்தப் பூச்சைத் தயாரிக்கும்போது பயன்பட்ட ரசாயனம். 2023-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 2015-க்குள் அதைக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டு நிறுத்தின. ஆகவே "பிஎஃப்ஓஏ இல்லை" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதே சமயம், அந்த வரிக்குப் பிடிஎஃப்இ இல்லை என்று அர்த்தம் கிடையாது. உரிந்து வரும் டின்னை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

நான்ஸ்டிக்கை நான் முழுக்க ஒதுக்கவில்லை. மஃபின் டிரேயில் பன்னிரண்டு குழி, குழிக்குக் குழி பேப்பர் வெட்டிக்கொண்டிருக்க முடியாது. பூப்போட்ட வளைவுகள் உள்ள பண்ட் டின்னிலும் பேப்பர் நிற்காது. இந்த இரண்டுக்கும் நான்ஸ்டிக் நன்றாகவே உழைக்கிறது. அதற்கும் எண்ணெய், டால்டா, மைதா மூன்றையும் சம அளவு குழைத்து பிரஷால் ஒவ்வொரு மடிப்பிலும் பூசிவிடுவேன். பால் பன், பிரெட் செய்யும்போது கறுப்பு டின்னே எனக்குப் பிடிக்கும். அடி நன்றாகச் சிவந்து, தட்டினால் டக்டக்கென்று சத்தம் வரும். அன்னாசி, எலுமிச்சை மாதிரி புளிப்பு நேரடியாக டின்னில் படும் கேக்குக்கும் நான்ஸ்டிக் எடுப்பேன். புளிக்குழம்பை அலுமினியத்தில் வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்களே, அதே காரணம்தான்.

ஷிஃபான் கேக்குக்கு மட்டும் தயவுசெய்து வேண்டாம். அது டின்னின் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறும் கேக். ஆறும்போதும் தலைகீழாகத் தொங்க வேண்டும். வழுக்கும் சுவரில் அது ஏறாது, ஏறினாலும் கவிழ்த்ததும் விழுந்துவிடும். ஒட்டினால்தான் அந்தக் கேக்கே உண்டு.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு என் அலுமினிய டின் ஒன்றையும் நாலு வட்டம் பட்டர் பேப்பரையும் கொடுத்தனுப்பினேன். அதே கண்டென்ஸ்டு மில்க் கேக்கைச் செவ்வாய்க்கிழமை மறுபடி செய்தாள். ராத்திரி எட்டு மணிக்கு அவள் மகள் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள், அடி முழுக்க ஒரே சீராக, வறுத்த ரவை நிறத்தில். டின்னைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்துவிட்டு, அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு மஃபின் செய்ய என் நான்ஸ்டிக் டிரேயைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறாள்.