ஒன்றேகால் மணி நேரமாம்!

லண்டன் – பாரிஸ். தூரம் 344 கிலோமீட்டர். விமானத்தில் 1 மணி 15 நிமிடம். எங்கே தேடினாலும் இதையேதான் சொல்கிறார்கள். இதை முதலில் எழுதி வைத்த புண்ணியவானை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

344 என்பது வரைபடத்தில் நூல் பிடித்து அளந்த தூரம். லண்டன் நடுவே ட்ரஃபால்கர் சதுக்கத்தில் ஏறி, பாரிஸ் நடுவே நோத்ர தாம் தேவாலய வாசலில் குதிப்பவர்களுக்கு அது சரி. நான் கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். 10 மணி விமானத்துக்கு 5.45க்கே வீட்டைப் பூட்ட வேண்டும். இரண்டு ரயில் மாறி, பெல்ட்டைக் கழற்றி, ஷூவைக் கழற்றி, பெட்டியை அளவு பார்க்கும் அந்தக் கம்பிக்கூண்டுக்குள் முட்டி போட்டு அமுக்கி... இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விடுங்கள்.

9.58க்குக் கதவைச் சாத்தினார்கள். சரியாக 10க்கு இழுவை வண்டி வந்து விமானத்தைப் பின்னால் தள்ளியது. அடடா, என்ன ஒழுங்கு! அவர்கள் கணக்கில் 'கிளம்பிய நேரம்' என்று ஏறுவது இப்படித் தள்ளிவிட்ட நேரம்தான். தள்ளிவிட்டு, ஓர் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

"வான்வெளியில் நெரிசல், பத்தே நிமிடம்" என்றார் விமானி. இருபது நிமிடம் கழித்து மறுபடியும் பத்தே நிமிடம். ஜன்னலுக்கு வெளியே புல்லில் ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. நாங்கள் அதைப் பார்த்தோம், அது எங்களைப் பார்த்தது. மூன்றாவது 'பத்தே நிமிடம்' வந்தபோது முயலுக்கே அலுத்துவிட்டது போல, எழுந்து போய்விட்டது. பக்கத்து சீட்டுக்காரர் குறட்டை விட ஆரம்பித்திருந்தார். 1909இல் லூயி பிளேரியோ என்ற பிரெஞ்சு விமானி பிரான்சின் கலேயிலிருந்து இங்கிலாந்தின் டோவருக்கு, திசைகாட்டிகூட இல்லாமல், நாற்பது நிமிடத்துக்குள் கடலையே தாண்டிவிட்டார். அவரைக் கொண்டுபோய் ஓரமாக நிறுத்த ஆளில்லை, அதனால்தான்.

10.55க்கு மேலே ஏறியது. முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, இறங்கிவிட்டது. மொத்தப் பறத்தலே அவ்வளவுதான்! ஒன்றேகாலில் மிச்சமெல்லாம் தரையில் உருளுவதற்காக முன்கூட்டியே சேர்த்து வைத்தது. அதற்குள் பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடி என்னைப் பார்த்து இளித்தது. அப்புறம் பேருந்து. அப்புறம் பாஸ்போர்ட் வரிசை, ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்கள் தனி, நாம் தனி. அப்புறம் நகரத்துக்கு ரயில்.

பாரிஸில் குடியிருக்கும் பாண்டிச்சேரிச் சித்தியின் வீட்டு வாசலை மிதித்தபோது லண்டன் கணக்கில் மணி 1.45. எட்டு மணி நேரம். வகுத்துப் பார்த்தேன், மணிக்கு 43 கிலோமீட்டர். இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்து ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தால் சென்னையே வந்திருக்கும்.

நடுவில் சித்தி போன் செய்து, "ஏன்டா, கடலுக்கடியில போற ரயில்ல வந்திருந்தா ரெண்டேகால் மணி நேரம்தானே?" என்றார். டிக்கெட் இருபது பவுண்டு மலிவு சித்தி என்று எப்படிச் சொல்வது? கம்பிக்கூண்டில் அடங்காத பெட்டிக்கு நாற்பது பவுண்டு கட்டியதை அதைவிட எப்படிச் சொல்வது?

சரி, வந்தாயிற்று என்று சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தேன். சித்தி வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் கதவில் பிரெஞ்சில் ஏதோ எழுதி ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் புரிந்துவிட்டது.