சைக்கிளின் முன் டெரெய்லருக்கு ஸ்க்ரூவைத் திருகினால் போதுமா?

"முன் கியர் சரியாக விழவில்லையா, செயின் உரசுகிறதா, எச், எல் ஸ்க்ரூ இரண்டையும் கொஞ்சம் திருகுங்கள், சரியாகிவிடும்" என்று ஒரு குறிப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. தவறு. டெரெய்லர் என்பது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி. அது உள்ளே எவ்வளவு (எல்), வெளியே எவ்வளவு (எச்) போகலாம் என்று எல்லை கட்டுவது மட்டும்தான் அந்த ஸ்க்ரூக்களின் வேலை. எச் ஸ்க்ரூவைக் கண்டபடி தளர்த்தினால் செயின் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி பெடல் பக்கம் விழும், எழுந்து நின்று மிதிக்கும்போது அப்படி ஆனால் ஓட்டுகிறவரும் விழுவார்.

முதலில் பார்க்க வேண்டியது உயரம். டெரெய்லர் கூண்டின் (செயின் நடுவே ஓடும் இரண்டு தகடுகள்) வெளித்தகடு பெரிய பல்சக்கரத்துக்கு நேர் மேலே வரும்போது பல் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே 1 முதல் 3 மி.மீ. இடைவெளி வேண்டும், தகடு சக்கரத்துக்கு இணையாகவும் நிற்க வேண்டும். இது கோணலாக இருந்தால் நாள் முழுக்கத் திருகினாலும் உரசல் போகாது. அப்புறம் டெரெய்லரை இழுக்கும் கியர் கேபிளைக் கழற்றிவிட்டு, செயினை முன்னால் சின்ன பல்சக்கரத்திலும் பின்னால் பெரியதிலும் போட்டு, உள்தகடு செயினைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற மாதிரி எல் ஸ்க்ரூவை வையுங்கள். கேபிளை இழுத்து மாட்டிய பிறகுதான் எச் ஸ்க்ரூவைச் சரிசெய்ய வேண்டும்.

செயின் முன்னால் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்குகிறதா? பெரும்பாலும் கேபிள் தளர்ந்திருக்கும், ஸ்க்ரூவைத் தொடாமல் அதை இறுக்கிப் பாருங்கள். முன்னாலும் பெரியது, பின்னாலும் பெரியது என்று செயினைக் குறுக்கே இழுத்து ஓட்டும்போது வரும் லேசான உரசல் பழுதே இல்லை.