பூட்டு மாத்திரைக்கா, பிரசவ அறைக்கா?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2024 அக்டோபர் 1 முதல், கருக்கலைப்புக்குப் பயன்படும் மிசோப்ரோஸ்டால், மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரைகள் இரண்டும் கட்டுப்படுத்தப்பட்ட நான்காம் அட்டவணை மருந்துகள். பதற்றத்தைத் தணிக்கும் வேலியமும் சானாக்ஸும் இருக்கிற அதே அட்டவணை. பழக்கமாகிவிடும், போதைக்குப் பயன்படுத்துவார்கள் என்று அஞ்சும் மருந்துகளுக்காகப் போட்டது அது. மிசோப்ரோஸ்டால் சாப்பிட்டால் குளிர் நடுக்கமும் வயிற்றுப்போக்கும் வரும், வயிற்றைப் பிசையும். இதையா ஒருத்தர் போதைக்குத் தேடிப் போவார்?

கருக்கலைப்புக்கு அங்கே 2022லேயே ஏறக்குறைய முழுத் தடை. வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்குக்கூட விலக்கு இல்லை. கருக்கலைக்க இந்த மாத்திரையைக் கொடுப்பது ஏற்கெனவே குற்றம்தான். அப்புறம் எதற்கு இன்னொரு சட்டம்?

மசோதாவைக் கொண்டுவந்தவர் மாநில செனட்டர் தாமஸ் பிரெஸ்லி. டெக்சாஸில் அவருடைய சகோதரிக்குக் கணவனே தண்ணீரில் கருக்கலைப்பு மருந்தைக் கலந்து கொடுத்திருக்கிறான். அப்படிப்பட்டவனை உள்ளே தள்ளச் சட்டம் வேண்டுமென்றால் நானும் கை தூக்குவேன். மசோதா முதலில் வந்ததும் அதற்காகத்தான். மாத்திரைகளை அட்டவணையில் சேர்க்கும் பிரிவு பின்னால் நுழைக்கப்பட்டது. 200க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் வேண்டாம் என்று கடிதம் எழுதியும், ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி மே மாதம் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மருத்துவர்கள் ஏன் பதறினார்கள்? குழந்தை பிறந்து நஞ்சுக்கொடியும் விழுந்தபின் கருப்பை கல் மாதிரி இறுக வேண்டும். இறுகாவிட்டால் ரத்தம் நிற்காது. முதலில் கருப்பையை இறுக்கும் ஆக்சிடோசின் போடுவார்கள். அது போதவில்லை என்றால் அடுத்த மருந்து. ஆனால் ரத்த அழுத்தம் இருப்பவருக்கு மெத்தர்ஜின் ஆகாது, ஆஸ்துமா இருப்பவருக்குக் கார்போப்ரோஸ்ட் ஆகாது. இரண்டும் இருக்கிற பெண்ணுக்கு? நாக்குக்கு அடியில் வைக்கும் மிசோப்ரோஸ்டால்தான் கைகொடுக்கும். அதற்கு ஊசியும் வேண்டாம், குளிர்பெட்டியும் வேண்டாம். அதுவரை பிரசவ அறை அவசர வண்டியிலேயே இருந்த அந்த மாத்திரை, புதுச் சட்டத்தால் பூட்டிய அலமாரிக்குப் போனது. நர்ஸ் ஓடிப்போய் எடுத்துவர எவ்வளவு நேரமாகிறது என்று மருத்துவமனைகளில் நேரம் குறித்து ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். ஒரு மாத்திரைக்கு ஒத்திகை!

வயிற்றிலேயே கரு இறந்துபோனவருக்கும் இதே மாத்திரைதான். சீட்டோடு கடைக்குப் போனால் அவர் பெயர் மாநிலத்தின் கணினிப் பதிவில் ஏறும். சீட்டில்லாமல் கையில் இருந்தால் 5 ஆண்டு வரை சிறை. கர்ப்பிணி தனக்காக வைத்திருந்தால் குற்றமில்லையாம். சரி, அவளுக்காக வாங்கி வைத்திருக்கிற அக்காவுக்கு?

தபாலில் வரும் மாத்திரையைத் தடுக்கத்தான் இதெல்லாம் என்கிறார்கள். 2025 ஜனவரியில், அப்படி மாத்திரை கிடைக்கச் செய்ததாக நியூயார்க் மருத்துவர் ஒருவர் மீது லூசியானாவில் குற்றச்சாட்டு பதிவானது. அதுகூடப் பழைய கருக்கலைப்புச் சட்டத்தின் கீழ்தான். நியூயார்க் ஆளுநர் கேத்தி ஹோக்குல் அவரை ஒப்படைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அட்டவணை அங்கே என்ன சாதித்தது?

மிசோப்ரோஸ்டாலையாவது அதிலிருந்து எடுங்கள். மனைவிக்கே மருந்து கலந்து கொடுப்பவனைத் தண்டிக்கும் பிரிவு அப்படியே இருக்கட்டும், அதை யார் எதிர்த்தார்கள்?